பானை வைக்க ஒரு கார்

போன வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை எங்கள் குலதெய்வக் கோவிலில் பொங்கல் பானையை என் ஓர்ப்படி வைத்தாள். அது நான் வைக்க வேண்டிய பானை. கார் எதற்கு வாங்கினாய் என்று கேட்கிறவர்களிடம் வியாபாரத்துக்கு என்று சொல்கிறேன், வெயில் தாங்கவில்லை என்று சொல்கிறேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் உள்ளதைச் சொல்வதென்றால் அந்தப் பானைக்காகத்தான் வாங்கினேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியின் பெண்டாட்டிதான் என் ஓர்ப்படி. அவர்கள் சிதம்பரத்தில் இருக்கிறார்கள். என் மாமியாரும் அவர்களோடுதான். நாங்கள் கடலூரில். கோவில், கீரப்பாளையத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில், வாய்க்கால் ஓரமாக, வயலுக்கு நடுவில் இருக்கிறது. வருஷா வருஷம் ஒரு ஆடி வெள்ளியில் குடும்பம் முழுக்க அங்கே கூடும். எங்கள் வீட்டு வழக்கப்படி மூத்த மருமகள்தான் அடுப்புக் கூட்டிப் பானை வைக்க வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து நான்தான் வைத்தேன். எனக்குப் பெரிய படிப்பு இல்லை, உத்தியோகம் இல்லை. அந்தக் குடும்பத்தில் இது இவளுடையது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

போன வருஷம் கடலூரிலிருந்து விடிகாலை பஸ் ஏறினோம். பஸ் வழியில் நின்றுவிட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே சிதம்பரம் வந்து, அங்கே டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து, கடைசியில் ஷேர் ஆட்டோவில் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு போய் இறங்கினால், கோவில் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்னால் பானை ஏறிவிட வேண்டும். ஏறிவிட்டது.

"நேரம் ஆயிடுச்சின்னு அத்ததான் வெக்க சொன்னாங்கக்கா" என்றாள் அவள். கரண்டி அவள் கையில் இருந்தது. பட்டுப் புடவை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அவர்கள் வீட்டு வெள்ளைக் கார் வேப்பமரத்து நிழலில் நின்றது. சிதம்பரத்திலிருந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"போவட்டும் பெரியவளே, யாரு வெச்சா என்னா, அம்மனுக்குத்தானே" என்றார் மாமியார்.

யார் வைத்தால் என்ன என்றால் இத்தனை வருஷம் ஏன் என்னை வைக்கச் சொன்னீர்கள்? நான் கேட்கவில்லை. சாமி இடம். சாயங்காலம் அவர்கள் கார் எங்களைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் குடும்பக் குரூப்பில் போட்டோ வந்திருந்தது. பானை பொங்கி வழிகிறது, அவள் சிரிக்கிறாள், பக்கத்தில் மாமியார் அவள் தோளில் கை வைத்திருக்கிறார். அத்தனை பேரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் போட்டிருந்தார். அந்த மனுஷனோடு ஒரு வாரம் பேசவில்லை.

எனக்குப் பொறாமையா என்றால், ஆமாம். அவள் காலேஜில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஏசி ரூம். கை மெத்தென்று இருக்கும். நான் வீட்டில் கிரைண்டர் போட்டு மாவு ஆட்டி மஞ்சக்குப்பத்திலும் புதுப்பாளையத்திலும் டிபன் கடைகளுக்குக் கொடுக்கிறேன். உளுந்து ஊறுகிற தண்ணீரிலேயே கை கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். மாமியார் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார். என்னைப் பெரியவளே. அவள் லீவு போட்டுப் பிள்ளை பெற்றபோது மாமியார் ஆறு மாசம் கூடவே இருந்தார். நான் பெற்றபோது நெல் அறுப்பு என்று ஊருக்குப் போய்விட்டார். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். வேறு எங்கே வைப்பது?

அதனால் இந்த வருஷம் சித்திரையிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஆடிக்கு முன்னாடி ஒரு காரு வாங்கணும். நான்தான் ஓட்டுவேன். எம் மாவு காசு."

அவர் ஆலையில் எடை மேடையில் வேலை பார்க்கிறவர். எதையும் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், உடனே மறுக்கவும் மாட்டார். "தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றார்.

டிவி வாங்கும்போதும் தம்பியைக் கேட்டார். பையனை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று தம்பியைக் கேட்டார். பாத்ரூமுக்கு டைல்ஸ் வாங்கவும் தம்பிதான். எங்கள் வீட்டில் தம்பியைக் கேட்காமல் நடந்தது எங்கள் கல்யாணம் ஒன்றுதான், அப்போது தம்பி சின்னப் பையன்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். என்னோடு கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் என் பிள்ளை வயசு. வீட்டுக்காரருக்கு பைக்தான் தெரியும், காரில் பின் சீட்டில் உட்கார்ந்தாலே கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். ஆகவே வண்டி பார்க்கிற வேலையும் என்னுடையதே.

சின்ன வண்டிதான் என்று முடிவு. எங்கள் தெருவில் அதற்குமேல் திரும்பாது. பார்த்துப் பார்த்து இரண்டு வண்டியில் வந்து நின்றது. பேரெல்லாம் எழுதப் போவதில்லை, ஒன்றைக் குட்டை வண்டி என்றும் இன்னொன்றை உசர வண்டி என்றும் சொல்கிறேன். குட்டை வண்டி கடலூரிலேயே கிடைத்தது. உசர வண்டிக்குச் சிதம்பரம் போக வேண்டும். குட்டை வண்டிதான் என் ஓர்ப்படி வைத்திருப்பது. கொழுந்தனாரைக் கேட்டால் அதைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னார்.

"கண்ண மூடிக்கிட்டு எடுங்கண்ணி. நாலு வருஷமா ஓட்டறோம், ஒரு தொல்ல கெடயாது."

நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கலாம் என்று மூடி போட்ட மாவு பக்கெட் நான்கை எடுத்துக்கொண்டு கடலூர் ஷோரூமுக்குப் போனேன். எனக்கு மைலேஜ், பிக்கப் எல்லாம் அடுத்தது. டிக்கியில் பக்கெட் நிமிர்ந்து நிற்க வேண்டும். மாவு பக்கெட்டைப் படுக்க வைக்க முடியாது. படுத்தால் மூடி பிளந்துகொள்ளும். புளிக்கிற மாவு சும்மா இருக்காது, உப்பி உப்பித் தள்ளும்.

உள்ளே நுழைந்ததும் சேல்ஸ்மேன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வாங்க சார், உக்காருங்க சார், எந்த மாடல் சார்" என்று ஆரம்பித்தார்.

"வாங்கறது நானு. எங்கிட்ட பேசுப்பா" என்றேன்.

"சாரி மேடம். பக்கெட்டுல என்ன மேடம்?"

"ஒண்ணும் இல்ல. டிக்கிய தொற."

திறந்தார். ஒரு பக்கெட் நின்றது. டிக்கிக் கதவை மூடினால் மேலே இடித்தது. சாய்த்து வைத்தால் மூடியது. வண்டி பார்க்க வந்திருந்த வேறொரு குடும்பம், அவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பின் சீட்ட மடிச்சிட்டா தாராளமா வரும் மேடம்."

"சீட்ட மடிச்சிட்டா எங்க மாமியார எங்க வெக்கறது?"

"டிக்கியில வெச்சிடலாமே" என்றார் அந்தக் குடும்பத்துப் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், தன் அம்மா என்பது பிறகுதான் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

ஓட்டிப் பார்த்தேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வண்டி நன்றாக இருந்தது. ஸ்டியரிங் விரலுக்குத் திரும்பியது. ஏசி போட்டதும் முகத்தில் குளிர்ச்சி அடித்தது. பீச் ரோட்டில் போய்த் திரும்பினேன், தேவனாம்பட்டினத்துப் பக்கம் மீன் கூடையோடு எதிரில் வந்த டிவிஎஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டேன், குலுங்கவே இல்லை. அந்த சீட்டில் தாழ்வாகச் சாய்ந்து உட்கார்ந்தபோது, நாலு வருஷமாக அவள் இப்படித்தான் உட்கார்ந்து போகிறாள் என்று நினைத்தேன். நான் ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பக்கெட், பின்னால் இரண்டு பக்கெட் கட்டிக்கொண்டு மழையில் போகிறபோது அவள் இதற்குள் இருந்திருக்கிறாள். வண்டி பிடிக்கப் பிடிக்க எரிச்சல் ஏறியது. அவளுக்குக் கெட்ட வண்டி அமைந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"வெள்ள கலரு ரெடியா இருக்கு மேடம். இந்த வாரமே டெலிவரி" என்றார் சேல்ஸ்மேன்.

வெள்ளை. அதே வண்டி, அதே கலர். கோவிலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சின்னவளைப் பார்த்துப் பெரியவளும் வாங்கிவிட்டாள் என்று நாத்தனார் முதற்கொண்டு சொல்வார்கள். "யோசிச்சி சொல்றோம்பா" என்று எழுந்தேன்.

"என்னா யோசன?" என்றார் வீட்டுக்காரர், வெளியில் வந்ததும். "தம்பி வண்டி நாலு வருஷமா ஒரு தொல்லையும் குடுக்கல."

"நானுந்தான் இத்தன வருஷமா ஒரு தொல்லையும் குடுக்கல. என்னய ஒருநாளு இப்பிடி பெருமையா சொல்லி இருக்கீங்களா?"

அவர் பைக்கை உதைத்தார். அது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டதால் தப்பித்தார்.

அடுத்த வாரம் அதே பக்கெட்டுகளோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்காரர் என்னைத் தெரிந்தவர் மாதிரி உட்காராமல் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார். கண்டக்டர் பக்கெட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

"காலியா? கடைய சிதம்பரத்துக்கு மாத்திட்டியாம்மா?"

"காரு வாங்க போறேன்."

"பக்கெட்டுலயா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டு போனார்.

ஷோரூம் வாசலில் கொழுந்தனாரும் ஓர்ப்படியும் நின்றார்கள். நான் கூப்பிடவில்லை. வீட்டுக்காரர் போன் போட்டிருக்கிறார். அவள் ஆபீஸிலிருந்து பெர்மிஷன் போட்டு வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. "வாங்கக்கா" என்று ஓடிவந்து ஒரு பக்கெட்டை வாங்கிக்கொண்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கெட்டவளாக இருந்தால் என் வேலை சுலபம். அவள் அப்படி இல்லை. அவளுக்கு எல்லாம் அமைகிறது, அவ்வளவுதான்.

உசர வண்டி பெட்டி மாதிரி இருந்தது. அழகென்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கியைத் திறந்ததும் நான்கு பக்கெட்டும் நிமிர்ந்து நின்றன, மேலே இன்னும் கை நுழைய இடம் இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"இது ஆட்டோ மாரி இருக்கு அண்ணி" என்றார் கொழுந்தனார். "ஹைவேஸ்ல பஸ்ஸு தாண்டுனா காத்துல ஆடும்."

"நான் ஆடாம புடிச்சிக்கறேன்."

"பிக்கப்பும் அதுக்கு மாரி வராது."

"எனக்கென்னா ரேஸா? காலையில ஆறு கடைக்கு மாவு போடணும்."

ஓர்ப்படி டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆனா இதுலயே மாவையும் ஏத்தி ஆளையும் ஏத்தறது யோசிச்சிக்குங்கக்கா. புளிச்ச வாசன சீட்டுல புடிச்சிச்சின்னா போவவே போவாது. எங்க வண்டில ஒருநாளு பலாப்பழம் வெச்சிட்டு ஒரு வாரம் கஷ்டப்பட்டோம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நல்லதுக்குக்கூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு மட்டும், என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் முந்தானை மூக்குப் பக்கம் போனது உண்டா என்று பழைய நாளெல்லாம் ஓட ஆரம்பித்தது.

"அந்த வாசனையிலதான் சோறு திங்கறோம்" என்றேன்.

கொழுந்தனார் மேலே பார்த்தார். வீட்டுக்காரர் சேல்ஸ்மேனிடம் டயரைப் பற்றி எதையோ கேட்டார்.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்று பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள், சேல்ஸ்மேன் முன்னால். ஏறி உட்கார்ந்தால் ரோடு முழுக்கத் தெரிந்தது. எதிரில் வருகிற பஸ் டிரைவர் முகம்வரை தெரிந்தது. ஆனால் கிளட்ச் எனக்குப் புதுசு. ரயில்வே கேட் திறந்ததும் வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன். மறுபடி போட்டேன், மறுபடி நின்றது.

"கிளட்ச்ச மெதுவா விடுங்கக்கா" என்று பின்னாலிருந்து குரல்.

அவள் சொன்னது சரிதான். மெதுவாக விட்டேன், வண்டி போனது. அவள் சொல்லி நான் செய்தேன் என்பதுதான் பைபாஸ் போய்த் திரும்புகிறவரை மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

வந்து உட்கார்ந்து, "இதுதான்" என்றேன். சேல்ஸ்மேன் தலையைச் சொறிந்தார். வெள்ளை, சில்வர், சிவப்பு எல்லாம் புக் பண்ணிக் காத்திருக்க வேண்டும், ஆவணியில்தான் வரும் என்றார். ஆனி முடிய நாள் கொஞ்சம்தான் இருந்தது. ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், அதனால் எல்லோரும் ஆனியிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஆவணியில் வண்டி வந்து என்ன பிரயோஜனம்? ஆடி வெள்ளிக்கு மறுபடியும் பஸ், மறுபடியும் ஷேர் ஆட்டோ, மறுபடியும் அவள் கையில் கரண்டி. இரண்டு வருஷம் தொடர்ந்து வைத்துவிட்டால் மூன்றாவது வருஷம் அதுவே வழக்கம். கடலூரில் அந்த வெள்ளை வண்டி இந்த வாரமே கிடைக்கும். பானை வேண்டுமென்றால் அவளுடைய வண்டியை வாங்க வேண்டும். என் வண்டி வேண்டுமென்றால் பானையை விட வேண்டும்.

"அப்ப கடலூர்லயே எடுத்துடலாம்" என்றார் வீட்டுக்காரர், மூச்சை விட்டுக்கொண்டு.

"இதுல வேற ஒண்ணுமே இல்லயாப்பா?" என்றேன்.

"கறுப்பு ஒண்ணு நிக்குது மேடம். புக் பண்ணவங்க வீட்ல பெரியவங்க வேணான்னுட்டாங்க. யாரும் எடுக்க மாட்டறாங்க."

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். தகரக் கூரைக்குக் கீழே தூசி படிந்து நின்றது. விரலால் கோடு போட்டேன், உள்ளே எருமைக் கன்று முதுகு மாதிரி பளபளத்தது.

"கறுப்பா?" என்றார் வீட்டுக்காரர். கொழுந்தனார் அதற்குள் தன் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"வேணாம் பெரியவளே" என்றது போன். "புது வண்டி, மொத மொதல்ல சாமி காரியத்துக்குப் போவ போவுது. கறுப்புல எவளாவது போவாளா?"

"அம்மன் செலையே கறுப்புதானே அத்த?"

போனில் குக்கர் விசில் கேட்டது.

"எதுக்கு எதிர்த்து எதிர்த்து பேசற? நான் அதுல ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

"ஏற வேணாம். நான் வந்து சேந்தா போதும்."

"அக்கா, கறுப்பும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஓர்ப்படி. அவள் சொன்னதால் ஒரு நிமிஷம் வேண்டாமென்றே நினைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

ஆனி கடைசியில் டெலிவரி. ஷோரூமே மாலையும் எலுமிச்சம்பழமுமாக இருந்தது. ஒரு வண்டிக்குக் கற்பூரம் காட்டி முடிக்கும் முன்னால் அடுத்த வண்டிக்காரர் இடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். சிதம்பரத்திலிருந்து கடலூர்வரை நானே ஓட்டினேன். பஸ் தாண்டியபோது ஆடவில்லை. கொஞ்சம் ஆடியது. வீட்டுக்காரர் மேலே இருந்த கைப்பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

ஆடி வெள்ளியன்று இருட்டோடு கிளம்பினோம். கடைகளுக்கு முந்தின நாள் ராத்திரியே மாவு கொடுத்துவிட்டேன். பானை, விறகு, வெல்லம், பச்சரிசி எல்லாம் டிக்கியில். புவனகிரிப் பக்கம் வரும்போது வெயில் ஏறிவிட்டது. வயலில் நாற்று பச்சைப் பசேலென்று நின்றது. கோவிலில் பூசாரி மட்டும் இருந்தார், வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"யாரும் வரலியே" என்றார்.

"நான் வந்துட்டேன்."

மூன்று கல் வைத்தேன். மஞ்சள் கொத்துக் கட்டினேன். பானையில் தண்ணீர் ஊற்றி உட்கார்ந்தேன். வேப்பமரத்து நிழலில் என் கறுப்பு வண்டி நின்றது. அவ்வளவு நிம்மதி எனக்கு அந்த வருஷத்தில் இருந்ததில்லை. ஆனால் எங்கள் வழக்கப்படி மாமியார் கையால் பால் ஊற்றிய பிறகுதான் அடுப்பு மூட்ட வேண்டும். மாமியார் ஓர்ப்படி காரில் வர வேண்டும். முதலில் வந்தும் நான்தான் காத்திருந்தேன். நாத்தனாரும் மற்ற சொந்தக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், ஒன்பது தாண்டியது. போன் போட்டால், "தோ வந்துட்டோம் அண்ணி" என்றார் கொழுந்தனார். தோ வந்துட்டோம் என்றால் இன்னும் வீட்டைப் பூட்டவில்லை என்று அர்த்தம். வேண்டுமென்றே தாமதிக்கிறார்களா என்றுகூட நினைத்தேன். ராகு காலம் நெருங்கட்டும், அப்போது பதற்றத்தில் யார் கையில் கரண்டி போனாலும் கேட்க முடியாது என்று ஒரு கணக்கா?

பத்து மணிக்கு வெள்ளைக் கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வந்தது. மாமியார் இறங்கி, என்னைப் பார்க்கவில்லை, என் வண்டியைப் பார்த்தார்.

"கண்ணு படாம இருக்க வாங்கினியா, கண்ணு பட வாங்கினியா?" என்றார்.

"பால ஊத்துங்கத்த, நேரமாவுது."

பால் சொம்பு ஓர்ப்படி கையில் இருந்தது. அவள் அடுப்புப் பக்கம் வந்தாள். நான் எழுந்து பானைக்கு முன்னால் நின்றுகொண்டேன். அவ்வளவு பேர் பார்க்க, கோழி முட்டையை மறைக்கிற மாதிரி நின்றேன். அவள் சொம்பை மாமியாரிடம் கொடுத்துவிட்டு நான்கு அடி தள்ளிப் போனாள்.

"அப்பாடா, நீங்க வந்துட்டீங்கக்கா. போன வருஷம் இந்த புகையில கண்ணு எரிஞ்சி ரெண்டு நாளு ஆபீஸுக்கே போவல. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டே வராது. நீங்களே பாத்துக்குங்க."

மாமியார் பால் ஊற்றினார். "வெய்யி பெரியவளே" என்றார். அவ்வளவுதான். யாரும் போட்டிக்கு வரவில்லை. நான் அடுப்பு மூட்டினேன். ராகு காலத்துக்கு முன்னால் நன்றாகப் பொங்கியது, கிழக்குப் பக்கமாக வழிந்தது, எல்லோரும் குரல் கொடுத்தார்கள். ஒரு வருஷம் நான் தூங்காமல் நினைத்துக்கொண்டிருந்த பானை பொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டாத பொருளைக்கூட அவள் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். எனக்கு வேண்டியதற்கு நான் கார் வாங்க வேண்டியிருக்கிறது.

அரிசி போட்டேன், வெந்து வந்ததும் வெல்லம் போட்டேன். மூத்தவள் பானையை இறக்குகிறவரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. வெல்லம் போட்ட பிறகு கை ஓயவும் கூடாது. அப்போதுதான் ஓர்ப்படி என் வண்டியைச் சுற்றி வந்தாள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"அக்கா, ஒரு ரவுண்டு போயிட்டு வரட்டா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டிவிட்டார். அடுப்பு வேலை என்று அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

"போயிட்டு வாம்மா. இதுல என்னா கேக்கறது?"

அவள் ஏறினாள். சீட்டை இழுத்துப் போட்டாள். நான் எனக்குச் சரியாக வைத்திருந்த கண்ணாடியைத் திருப்பினாள். "அத்த, வர்றீங்களா?" என்று கேட்டாள். மாமியார் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு முன் கதவைத் திறந்தார்.

"ஏற மாட்டேன்னு சொன்னீங்களேத்த?" என்றேன், கரண்டியை நிறுத்தாமல்.

"பாப்பா ஆசயா கூப்புடுதுல்ல" என்று ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துக்கொண்டார்.

என் வண்டியின் முன் சீட்டில் முதல் தடவை மாமியார் போகிறார், ஓட்டுகிறவள் நான் இல்லை. வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் கிளம்பியது. பாலத்தைத் தாண்டி, வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி, கறுப்பாக ஓடியது. நாத்தனார், "கறுப்பு வயலு பச்சைக்கு எடுப்பா இருக்குல்ல?" என்றார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அண்ணி, தீயிற வாசன வருது" என்றார் கொழுந்தனார்.

குனிந்து கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது. மேலே எடுத்ததைப் படையலுக்கு வைத்தோம், அது நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் திரும்பி வந்தார்கள். "ஏறி எறங்க சவுரியமாத்தான் இருக்கு" என்று மாமியார் எல்லோரிடமும் சொன்னார், ஏதோ அவர் போய்ப் பார்த்து வாங்கிய மாதிரி. சாவியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எல்லோரையும் உட்கார வைத்து நான்தான் பரிமாறினேன். மாமியாருக்கு, கொழுந்தனாருக்கு, நாத்தனாருக்கு மேல் பொங்கல். ஓர்ப்படி இலைக்கு வரும்போது கரண்டியை அடிவரை விட்டு, கறுத்துக் கெட்டியாக இருந்ததைச் சுரண்டி எடுத்து வைத்தேன். தெரிந்துதான் வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் ஒரு வாய் போட்டாள். கண்ணை அகல விரித்தாள்.

"அய்யோ அக்கா, எனக்கு இந்த அடிதான் ரொம்ப புடிக்கும். எங்கம்மா எனக்குன்னே எடுத்து வெப்பாங்க. இன்னும் கொஞ்சம் இருக்கா?"

இருந்தது. சுரண்டிப் போட்டேன்.